லெ மான்ஸ் 1955: பிட் முன்னால் இருந்த சாலை

அன்புள்ள பாஸ்கர்,

பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் 1955இல் நடந்த கோர விபத்தைப் பற்றி நீ சொன்ன ஆவணப்படத்தைப் பார்த்தேன். தப்பு ஓட்டுநர் ஹாதார்ன் மேலா, மேக்ளின் மேலா என்று கேட்டிருந்தாய். எனக்கு அந்தச் சாலைதான் உறுத்துகிறது.

ஜூன் 11, மாலை 6.26. மேக்ளினின் ஆஸ்டின் ஹீலியைத் தாண்டிய கையோடு ஹாதார்ன் தன் ஜாகுவாரை பிட்டுக்காக (பந்தயத்தின் நடுவே பெட்ரோல் போட, பழுது பார்க்க நிறுத்தும் இடம்) வலப்பக்கம் ஒதுக்கி பிரேக் போட்டார். மேக்ளின் இடப்பக்கம் ஒடித்தார். பின்னால் சுமார் 240 கி.மீ. வேகத்தில் லெவேயின் மெர்சிடிஸ். பழைய டிரம் பிரேக்கைவிடச் சட்டென்று நிறுத்தும் ஜாகுவாரின் டிஸ்க் பிரேக்கை மேக்ளின் எதிர்பாராததால் வந்த வினை என்று பலரும் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். ஆனால் மேக்ளின் ஓட்டிய ஹீலி 100எஸ்ஸிலும் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்தான். டிரம் இருந்தது மெர்சிடிஸில்.

ஹீலியின் வால் சரிவானது. மெர்சிடிஸ் அதன் இடது மூலையில் ஏறி, அந்தரத்தில் போய் மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பானட்டும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவேயோடு பார்வையாளர்கள் 80 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

பெட்ரோல் தீ மெர்சிடிஸின் பாடியில் பற்றியது. பாடி எலெக்ட்ரான் என்ற மெக்னீசியக் கலவை. எடை அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால்தான் அதைப் போட்டார்கள். எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் விட்டால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் வெறிகொள்ளும். காய்ந்த மணலைக் கொட்டி மூடியிருக்க வேண்டும். அங்கே அடித்ததோ தண்ணீர்.

இப்போது சாலைக்கு வருகிறேன். பிட்டுக்கும் பந்தயப் பாதைக்கும் நடுவே சுவர் கிடையாது, வேகம் குறைக்கத் தனிப் பாதையும் கிடையாது. நிற்க வருகிறவருக்கும் முழு வேகத்தில் போகிறவருக்கும் அதே குறுகிய தார்தான். போதாததற்கு, பிட்டுக்குச் சற்று முன்னால் லேசான வளைவு வேறு. 1923இல் வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 92 கி.மீ.; 1955இல் 172. வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பான பிறகும் அந்த இடம் பழைய காலத்துக்குத்தான் பொருந்தியது. இப்படியொரு சாலையை வைத்துக்கொண்டு ஒரு ஓட்டுநரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. விசாரணையும் எந்த ஓட்டுநரையும் குற்றம் சொல்லவில்லை.

பந்தயத்தை நிறுத்தாதது பற்றிக் கோபப்பட்டிருந்தாய். கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பினால் ஆம்புலன்ஸுக்கு வழி அடைபடும் என்பது அமைப்பாளர்கள் சொன்ன காரணம். அதை நான் ஏற்கிறேன்.

அடுத்த வருஷத்துக்குள் வளைவை எடுத்து, சாலையை அகலப்படுத்தி, வேகம் குறைக்க இடம் விட்டார்கள். பிட்டை இடித்துக் கட்டியதில் 60 கார் நின்ற இடத்தில் 52தான் நின்றன. பார்வையாளர் பக்கம் அகலமான பள்ளம் வெட்டினார்கள். அந்தப் பள்ளம் முந்தைய வருஷமே இருந்திருக்க வேண்டும், பாஸ்கர்.

அன்புடன்,
சேகர்