குளிர் தாங்காமல் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலசைப் பறவைகள் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் 'குளிர் தாங்காமல் வந்தன' என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. வயிறு நிறைய இரை கிடைத்தால் சின்னஞ்சிறு குருவிகூட உறைபனியைத் தாங்கும். சிக்கல் இரையில்தான். வடபுலத்தில் குளிர்காலத்தில் சேறு உறைந்துபோனால் நீண்ட அலகுக்கு வேலையில்லை, பூச்சியும் இல்லை, பகல் சுருங்குவதால் தேட நேரமும் இல்லை. அதே வடபுலத்தில் கோடைக்குப் பூச்சிகள் மொய்க்கும், பகலும் நீளும். குஞ்சு வளர்க்க அவை திரும்பிப் போவது அதற்காகவே.

கிளம்பும் காலத்தை உணர்த்துவதும் பகலின் நீளம்தான். 1920-களில் கனடாவில் உயிரியலாளர் வில்லியம் ரோவன், ஜுங்கோ என்ற குருவிகளைக் கடுங்குளிரில் வெளிக்கூண்டிலேயே வைத்து, மின்விளக்கால் பகலை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். நடுக்குளிரில் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தத்தில் போல வளர்ந்தன. ஆயத்தமான பறவை இன்று கிளம்புவதா, நாளையா என்பதில்தான் காற்றுக்கும் மழைக்கும் பங்கு.

ஆயத்தம் என்றால் தின்பது. கொழுப்பு, எடைக்கு எடை மாவுச்சத்தைவிட இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும். எரியும்போது நீரும் கிடைக்கும். பட்டைவால் மூக்கன் என்ற நீண்ட அலகுள்ள கரைப்பறவை கிளம்பும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தப் பாரத்துக்கு ஈடாக இரைப்பை, குடல், ஈரல் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. வழியில் தின்னப் போவதில்லையே! 2022 அக்டோபரில், பிறந்து 5 மாதமே ஆன ஒரு மூக்கன் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்கு ஏறத்தாழ 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டிய கணக்கு இது.

'பெரியவை வழிகாட்டும்' என்பது பெருங்கொக்குக்கும் (crane) பெருவாத்துக்கும் (goose) பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. நெதர்லாந்தில் பிடித்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் (மைனாக் குடும்பம்) பறவைகளுக்குக் காலில் அடையாள வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார் டச்சுப் பறவையியலாளர் பெர்டெக் (முடிவுகள் வெளியானது 1958). முதிர்ந்தவை திசையைத் திருத்திக்கொண்டு வழக்கமாகக் குளிர்காலம் கழிக்கும் இடத்தை நோக்கின. முதல் பயணம் போகும் இளசுகளோ பிறவியிலேயே வாய்த்த திசையில் பறந்து ஸ்பெயினுக்கும் தெற்கு பிரான்சுக்கும் போய்ச் சேர்ந்தன. திசை உடன்பிறந்தது, இடம் பழக்கத்தில் வருவது. சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் மூன்றையும் வைத்துத் திசை பார்க்கின்றன.

சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறப்பதால் கட்டட விளக்குகளின் வெளிச்சம் அவற்றைத் திசை தடுமாற வைக்கிறது. 2023 அக்டோபரில் சிகாகோ ஏரிக்கரையில் உள்ள ஒரு மாநாட்டு அரங்கின் கண்ணாடியில் மோதி ஒரே இரவில் ஏறக்குறைய 1,000 பறவைகள் செத்தன. அடுத்த ஆண்டு அந்தக் கண்ணாடியில் புள்ளிகள் கொண்ட மெல்லிய படலம் ஒட்டிய பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. கண்ணாடிக்கு நடுவே ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவது வீண். சுற்றியுள்ள இடைவெளியில் பறவை மோதும். புள்ளிகள் கண்ணாடி முழுவதும், வெளிப்பக்கத்தில், 5 செ.மீ. இடைவெளிக்குள் இருக்கட்டும். வலசை மாதங்களில் தேவையில்லாத மாடி விளக்குகளை இரவில் அணைத்துவிடலாம்.

இப்படிக்கு,
பறவை நோக்கர் ஒருவர்