சனிக்கிழமை அமர்வு: தாளைப் பார்க்காமல் வரைவோம்

அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை ஓவியமும் எழுத்தும் சேர்ந்த அமர்வு. முதல் அரை மணி நேரம், எழுதாத கையைப் பார்த்து வரைய வேண்டும். பார்வை தாளுக்குப் போகக் கூடாது, பென்சில் தாளை விட்டு எழக் கூடாது. படம் கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். விரல் மூட்டில் இத்தனை சுருக்கமா என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம் அதே கையைப் பற்றிப் பத்து வரி எழுதி வாசிப்போம். 'அழகான' மாதிரிச் சொற்கள் வேண்டாம். மற்றவர்கள் கருத்துச் சொல்லும்போது எழுதியவர் விளக்கம் கொடுக்கக் கூடாது (சிலருக்கு இதுதான் கஷ்டம்!). மதிப்பெண் கிடையாது.

1920களில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் வெறும் தாளை மடிக்க வைத்தே பாடம் நடத்தினார். அந்தப் பயிற்சி அடுத்த வாரம்.

4பி பென்சில், கோடு போடாத தாள் போதும். அழிப்பான் கொண்டுவராதீர்கள்.