சாம்பலரை ஏன் அழித்தாய்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கதை வந்து மூன்று கிழமையாகிறது. போனில் எழுத்து சின்னதாக இருந்ததால் தங்கச்சி சந்திக் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்தாள். அறுபது பக்கம். மாடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, வேம்படியில் கதிரையைப் போட்டு இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து முடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாய்த்தான் இருக்கிறது. உன் கதை உலகத்துக்கு வைத்த இருநிலா என்ற பெயர் பிடித்தது. வேருக்குள் வீடு கட்டும் வேரர், மலையைக் குடைந்து வாழும் கற்குடியர், கடலடியில் பாடும் நுரையர் எல்லாரும் கண்ணுக்குள் நிற்கிறார்கள். அந்த நுரையர் கிழவி உன் அப்பம்மா மாதிரியே கதைக்கிறாள். தெரிந்துதான் எழுதினாயோ என்னவோ.

ஆனால் சாம்பலர் விஷயம் எனக்குச் சரிவரவில்லை. மூவாயிரம் வருசம் அந்தச் சமவெளியை ஆண்ட சனம் ஏழு இரவுப் போரில் தோற்றது. "அன்றோடு சாம்பலர் குலம் முடிந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, நீ கற்குடியரின் முடிசூட்டுக்குப் போய்விட்டாய். ஒரு சனம் அப்படி ஒரு வரியில் முடியாது, தம்பி. தோற்ற சனமும் எங்கேயாவது மரத்தடியில் மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சும்.

2009இல் உனக்கு எட்டு வயது. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது அம்மப்பா பின்னேரமானால் எங்கள் குளத்துக்குக் கீழே இருந்த வயல் துண்டுகளின் பெயரை வரிசையாகச் சொல்லுவார், ஞாபகம் இருக்கிறதா? புளியடி, நரிமோட்டை, கிழவி வரம்பு, இரட்டை வாய்க்கால். தண்ணீர் வரிசையில் வாளியோடு நிற்கும்போதும் சொல்லுவார். மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்று நானே நினைத்தேன். திரும்பி வந்தபோது வரம்பு தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. அவர் சொன்ன வரிசையை வைத்துத்தான் எது யாருடைய துண்டு என்று பிரித்தோம். சாம்பலரிலும் அப்படி ஒரு கிழவர் தப்பியிருப்பார். அவரைத் தேடு.

எங்கள் பக்கத்துக் கற்சிலைமடுவில் ஒரு கல் நட்டிருந்தது. 1803 ஆகஸ்டில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தான். அதே வருசம் ஒக்டோபர் 31ஆம் திகதி வொன் டிறிபேர்க் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி அவனைத் தோற்கடித்தான். இந்தப் பக்கத்தில்தான் தோற்கடித்தார் என்று இங்கிலீசில் வெட்டி நட்ட கல் அது. நட்டது வெள்ளைக்காரன். இன்றைக்கு அங்கே போகிறவர்கள் தோற்றவனை நினைத்துத்தான் போகிறார்கள். வொன் டிறிபேர்க்குக்கு யாரும் மாலை போட்டதாக நான் கேள்விப்படவில்லை. நாங்கள் சின்னதில் கேட்ட கதையில் அவன் பெரிய ஆளே இல்லை. காட்டிக்கொடுத்த காக்கை வன்னியன்தான் ஆள். கல்லில் காக்கை வன்னியன் இல்லை, கதையில் டிறிபேர்க் இல்லை, சண்டை ஒன்றுதான். கற்குடியர் வெற்றித்தூண் நட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். சரி, நடட்டும். அதற்குப் பக்கத்தால் மாடு சாய்த்துக்கொண்டு போகிற சாம்பலப் பெடியனுக்கு அவன் தாய் அந்தத் தூணைக் காட்டி என்ன சொல்லுவாள்?

அப்புறம் நெருப்புத்தாய். நாலு சனமும் அவளைக் கும்பிடுகிறார்கள், நாலு சனமும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினது போல இருக்கிறது. கண்ணகியைப் பார். காப்பியத்தில் அவள் மதுரையை எரித்துவிட்டுச் சேர நாட்டு மலைக்குப் போகிறாள், வேங்கை மர நிழலில் நின்று வானத்துக்குப் போய்விடுகிறாள். சிங்களச் சனம் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறது. எங்கள் ஆட்களின் கதையில் அவள் வானத்துக்குப் போகவே இல்லை. கடல் தாண்டி வந்தாள். ஒவ்வொரு இடமாகத் தங்கிப் பத்தாவதாக நந்திக்கடல் ஓரத்துக்கு வந்தாள், பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்பார்கள். கிழவியாக வந்து, மாடு மேய்க்கும் பெடியளிடம் பசிக்கிறது என்றாள். அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கொளுத்துங்கள் என்றாள், எரிந்தது. பேன் பார்க்கச் சொன்னாள். தலைமயிரை விலக்கினால் உள்ளே ஆயிரம் கண். பெடியள் வெலவெலத்துப் போனார்கள், கிழவியைக் காணவில்லை.

இப்போதும் வைகாசியில் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்புத் தண்ணீரில் விளக்கெரித்து, பிறகுதான் வற்றாப்பளையில் பொங்கல். மதுரையை எரித்தவள் எங்களிடம் வந்து ஒரு பிடி சோறும் விளக்கும்தான் கேட்டாள். எண்ணெய் இல்லாத இடம், உப்புத் தண்ணீர் மட்டும் கிடைக்கிற இடம் என்பது கதைக்குள்ளேயே கிடக்கிறது. உன் நெருப்புத்தாய் வேரரின் வாசலில் எப்படி வந்து நின்றாள்? சாம்பலரிடம் என்ன வாங்கிச் சாப்பிட்டாள்?

ஊர்ப் பெயர்களையும் பார். ஒளிநகர், பொன்னகர், வெற்றிநகர். கல்யாண மண்டபத்துக்கு வைக்கிற பெயர்கள் இவை. எங்கள் பக்கத்தில் தண்ணி குளக்கட்டை முறித்தால் அது தண்ணிமுறிப்பு. குரக்கன் ஒட்டை, அதாவது அறுத்த தாளை, சுட்டபோது ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றதாம், அங்கே லிங்கம் இருந்ததாம், அது ஒட்டுசுட்டான். இரண்டு மடு சேர்ந்தால் இரணைமடு. மூவாயிரம் வருசம் இருந்தவர்கள் மழைத் தண்ணீரை எங்கேயாவது மறித்திருப்பார்கள்தானே? உன் வரைபடத்தில் ஒரு குளம்கூட இல்லை. குளம் ஒன்றைப் போடு, அதற்குச் சாம்பலர் வைத்த பெயரைப் போடு, கற்குடியர் வாயில் அது எப்படித் திரிந்தது என்றும் எழுது.

போர்ப் பக்கங்கள் எனக்கு அலுத்தன. பாதியில் தாண்டிவிட்டேன், கோபிக்காதே. தங்கச்சி அதைத்தான் இரண்டு தரம் வாசித்தாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இரண்டு நிலா என்றால் பறுவம் எது? பெரிய நிலா நிறையிற நாளா, சின்ன நிலா நிறையிற நாளா? எந்த நாளில் பொங்குவது என்று வேரருக்கும் நுரையருக்கும் ஒரு சண்டையாவது வந்திருக்கும். யோசித்து எழுதி அனுப்பு. கிழக்கே இருட்டிக்கொண்டு வருகிறது, முற்றத்தில் நெல் காயப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா