அண்ணாச்சி கடை வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் திருப்தி, விளையாட்டு விழா மழைக்கு முன்னால் முடிந்துவிட்டது, நாடகம் போட்ட பிள்ளைகளை எல்லாரும் பாராட்டினார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் காலைக் கூட்டத்தில் ஜார்ஜ் பீபாடியைப் பற்றிப் பேசினேன். சின்ன வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் லண்டனில் பெரிய வங்கியாளராகி, 1862இல் அந்த நகரத்து ஏழைகளுக்கு வீடு கட்ட 1,50,000 பவுண்டு கொடுத்தார். 1867இல், உள்நாட்டுப் போரில் நொடித்துப்போயிருந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் கல்வி வளர இன்னொரு நிதியும் ஏற்படுத்தினார். பேசி முடித்ததும் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "நம்ம அண்ணாச்சி மாதிரியா சார்?" என்றாள். கூட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவள் கேட்டதில் தப்பே இல்லை. பீபாடி கோடீஸ்வரரான பிறகு அள்ளிக் கொடுத்தார். அண்ணாச்சி அன்றன்றைய கல்லாவிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறவர்.

பள்ளி முனையில் நாற்பது வருடத்துக்கு மேலாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். செய்ததில் பாதியை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் உங்கள் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். நூலகத்து அலமாரிகள் அவர் வாங்கித் தந்தவை. நோட்டு இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டு நோட்டை நீட்டி, "பழைய ஸ்டாக், வைக்க இடமில்லை, எடுத்துட்டுப் போ" என்பார் (அது புது ஸ்டாக்தான், நான் பார்த்திருக்கிறேன்). சம்பாதிக்கிற ஆள் போய்விட்ட வீட்டின் பக்கத்தைக் கடன் நோட்டிலிருந்து கிழித்துவிடுவார். மளிகையில் லாபம் சில்லறைக் கணக்கில்தான் நிற்கும். ஒரு பக்கத்தைக் கிழித்தால் அதை ஈடுகட்ட எத்தனை நாள் விற்க வேண்டும் என்பது கடை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் அந்த பெஞ்ச். என்றோ ஒரு மழை நாளில், அம்மா வர நேரமாகிவிட்ட ஒரு பிள்ளைக்காக முக்காலி எடுத்துப் போட்டார். முக்காலி பெஞ்சானது. போன மாதம் ஒருநாள் மாலை எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பிள்ளைகள். ஒருத்தனுக்குத் தராசை வைத்து கிராம் கணக்குச் சொல்லிக்கொண்டே இன்னொருவருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய் மதியம் அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஷட்டர் இறங்கிவிட்டது. அன்றைக்கு ஒன்றாம் வகுப்புத் தங்கையும் மூன்றாம் வகுப்பு அண்ணனும் மூடிய ஷட்டருக்கு முன்னால் இரவு 7 மணி தாண்டியும் நின்றிருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பிய நம் காவலாளி பார்த்ததால் ஆயிற்று. போன் செய்தபோது கிடைத்த பதில்: "அண்ணாச்சி இருப்பாரேன்னு நினைச்சேன்."

கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயது தாண்டிய மனிதர் அவர். பிள்ளை பார்த்துக்கொள்ள நாம் சம்பளம் கொடுத்து வைத்த ஆள் இல்லை. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர் என்பதற்காக, சரி என்று சொல்லிவிட்டதாக நாமே வைத்துக்கொள்வதா? பல பேர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதுகூட இல்லை. நாலு மணிக்கு மாத்திரை கொடுங்கள் என்று பையில் சீட்டு வைத்து அனுப்பியவர்கள் உண்டு. வீட்டுப்பாடம் முடிக்க வைக்கவில்லை என்று அவரிடமே கோபித்துக்கொண்டவரும் உண்டு! "அப்பா கணக்குல எழுதிக்கோங்க" என்று பிள்ளைகள் வாங்கிய பாக்கி மாதக்கணக்கில் நிற்கிறது, அவர் கேட்கமாட்டார்.

பழி உங்கள் மேல் மட்டும் இல்லை. கேட்டை மூடும் அவசரத்தில் "போய்க் கடையில உட்காரு" என்று நாங்களும் அனுப்பியிருக்கிறோம். நானே சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து, ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை, நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஆட்களிடம் மட்டுமே ஒப்படைப்போம். மாலை 5 மணி வரை நூலகம் திறந்திருக்கும், ஓர் ஆசிரியர் உடன் இருப்பார். அதற்கும் தாமதமாகும் என்றால் 4 மணிக்குள் போன் செய்துவிடுங்கள். சொல்லாமல் மூன்று முறை தாமதமானால் என்னை நேரில் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாருடைய வேலையும் பள்ளி மணியோடு முடிவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஷிஃப்டில் ஓடுகிறவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் தயங்காமல் வாருங்கள், பேசி ஏதாவது வழி செய்வோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போகிற பெற்றோருக்கும், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பாராட்டு விழா எடுக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். "அப்பாவை மேடை ஏத்தினா திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போவார், வேண்டாம் சார்" என்று அவர் மகன் கும்பிட்டுவிட்டார். மகன்தான் இப்போது காலையில் மட்டும் கடை திறக்கிறார். பாக்கி உள்ளவர்கள் அவரிடம் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்த மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு நீலக் குடை, ஒரு கணக்கு நோட்டு, இடது கால் செருப்பு ஒன்று என் அறையில் இருக்கின்றன. அந்த ஒற்றைச் செருப்பு யாருடையது என்று அண்ணாச்சி இரண்டு முறை கேட்டனுப்பிவிட்டார்.