2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை: சீனத் தோட்டப் படப்பிடிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நமது வட்டாரப் புகைப்படக் கழகத்தின் 2025ஆம் ஆண்டுப் பணிகள் குறித்த அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தன. புதியவர்களுக்கான பயிலரங்குகளும் குறையின்றி முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, ஆண்டின் பெரும் உழைப்பை வாங்கியதும், நமக்கு ஒரு தலைகுனிவைத் தந்ததுமான சீன மரபுடைப் படப்பிடிப்பைப் பற்றியே இங்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. 1975இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஜூரோங் சீனத் தோட்டம், புதுப்பிப்புப் பணிகளுக்காகச் சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2024 செப்டம்பர் 8ஆம் தேதி மீண்டும் திறக்கப்பட்டது முதல் நம் உறுப்பினர்கள் அங்கே போகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். தைவான் கட்டடக் கலைஞர் யூ யுவென்-சென் வடிவமைத்த அத்தோட்டம், சோங் அரசமரபுக் காலத்து வடசீன அரண்மனைத் தோட்டங்களின் பாணியைச் சேர்ந்தது. பதின்மூன்று வளைவுகளுடைய அதன் வெள்ளைப் பாலமோ, பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையின் பதினேழு வளைவுப் பாலத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஏழடுக்குக் கோபுரமும் ஏரியும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் இடம் நம் ஊரில் வேறு இல்லை.

பெயர் சூட்டுவதில்தான் முதல் இடறல். நாம் அச்சிட்ட அறிவிப்பில் ‘மாறுவேடப் படப்பிடிப்பு’ என்று இருந்தது. கலந்துகொள்ள இசைந்த ஆறு சீன இளையரில் நால்வர், தாங்கள் போடுவது வேடம் அன்று, உடை என்று பணிவாகவும் உறுதியாகவும் தெரிவித்தார்கள். கதையில் வரும் ஒருவராகத் தம்மை ஒப்பனை செய்துகொள்வது கோஸ்பிளே. ஹான்ஃபூ என்பது ஹான் இனத்தவரின் பழைய உடை. 1644இல் மஞ்சு இனத்தவரின் ஆட்சி வந்தபின் படிப்படியாக வழக்கொழிந்த அதை இன்றைய இளையர் மீண்டும் அணியத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் அடிக்கடி பார்க்கும் சியோங்சாம் என்னும் சீனப் பெண்கள் உடை இதிலிருந்து வேறானது. அது 1920களின் ஷாங்காயில் உருப்பெற்றது. 2003 நவம்பரில் சீனாவின் செங்செள நகரில் வாங் லெதியன் என்பவர் ஹான்ஃபூ அணிந்து தெருவில் நடந்ததை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்ன நாளேடு, நம் சிங்கப்பூரின் லியன்ஹ சாவ்பாவ். இதை அந்த நால்வரில் ஒருவர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம். அறிவிப்பு திருத்தி அச்சிடப்பட்டது. எஞ்சிய இருவர் கோஸ்பிளே செய்பவர்களே. அவர்களுள் ஒருவர் நிலவில் வாழும் சாங்-அ தேவியாக வர விரும்பியதால், நிலவைக் கொண்டாடும் மூன்கேக் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு காலையைக் குறித்தோம்.

பொழுது விடியும் முன்பே பதினான்கு உறுப்பினர்கள் வந்து சேர்ந்தார்கள். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸ்களில் ஆவி படிந்து, முதல் இருபது நிமிடங்கள் வீணாயின. கருவிகளை அரைமணி நேரம் முன்னதாக வெளிக்காற்றில் வைக்க வேண்டும் என்று பயிலரங்கில் சொல்லிக்கொடுத்த நானும் அந்த இருபது நிமிடங்கள் துணியும் கையுமாகத்தான் நின்றேன்.

சாங்-அவின் உடை முழுவதும் வெள்ளை. வெள்ளைப் பாலத்தின் மீது அவர் நின்றபோது கேமரா எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கியது. ஒளியளவை ஒரு படி கூட்டினோம். அதே உடையுடன் இருண்ட மண்டபத்துக்குள் போனதும் துணியின் மடிப்புகளே தெரியாமல் வெளுத்துவிட்டன. ஒரு படி குறைத்தோம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் அகன்ற உடைக்கைகளை அவர் வீசியபோது, நொடியில் எண்ணூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் துணியின் நுனி கூர்மையாகக் கிடைத்தது. எட்டரை மணிக்கெல்லாம் வெயில் ஏறி, பொய்முடியை நெற்றியில் ஒட்டியிருந்த பசை இளகத் தொடங்கியது. அவருடைய தாயார் மின்கலக் கைவிசிறியுடன் ஒவ்வோர் இடத்துக்கும் கூடவே வந்தார். தேவியின் பாவாடைக்கடியில் ஓட்டக் காலணி இருந்தது என்பதை, முழு உருவப் படங்களைக் கேட்கும் உறுப்பினர்களுக்கு இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சோங் காலத்துக்கு முந்தைய தாங் அரசமரபின், மார்புக்கு மேலே கட்டும் பாவாடையும், பிந்தைய மிங் அரசமரபின், ‘குதிரைமுகம்’ எனப்படும் மடிப்புப் பாவாடையும் சோங் பாணித் தோட்டத்துக்குப் பொருந்துமா என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அங்கேயே வினவினார். பாவாடைக்காரர்கள் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான் என்றாலும், ஏரி ஓரத்தில் அதை விவாதித்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி அந்தத் தலைகுனிவைச் சொல்ல வேண்டும். நவம்பர் மாதக் கண்காட்சியில் நுழைவாயிலின் இருபுறமும் இரண்டு பெரிய படங்கள் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் அமைய வேண்டும் என்பதற்காக, அவற்றுள் ஒன்றைக் கணினியில் இடவலமாகத் திருப்பி அச்சிட்டோம். திருப்பச் சொன்னவன் நான். மிங் காலத்து மேலங்கி அணிந்த மாணவியின் படம் அது. இரண்டாம் நாள் மாலை, பக்கத்து அடுக்குமாடியில் வசிக்கும் சீன மூதாட்டி ஒருவர் அதன் முன் வெகுநேரம் நின்றார். பின் என்னை அழைத்து, இது பேய்க்கதையில் வரும் பெண்ணா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தம் சட்டையின் கழுத்தைத் தொட்டு, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் மடித்துக் காட்டினார்.

ஹான்ஃபூவில் அணிபவரின் இடப்பக்கத் துணி, வலப்பக்கத்தின் மேல் வந்து படிய வேண்டும். மாற்றி மடிப்பது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. படத்தை நாம் இடவலமாகத் திருப்பியதும் அந்த மடிப்பும் மாறிவிட்டது. பழைய ‘லி ஜி’ என்னும் சடங்கு நூலிலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது. விருந்தில் உண்டபின் இலையை நம் பக்கமாகவும் துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகவும் மடிக்கும் வழக்கத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு, ஒரு மடிப்பு எவ்வளவு சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், வெளிச்சத்தை அளந்தோம், காற்றின் திசையைப் பார்த்தோம், உடையைக் கட்டிய விதத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மாணவி படப்பிடிப்பன்று விடியற்காலையில் ஒரு மணி நேரம் கண்ணாடி முன் நின்று சரிசெய்த கழுத்து அது.

படம் அன்றிரவே இறக்கப்பட்டது. மாணவியிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். தம் தோழிகள் எடுக்கும் கைப்பேசித் தற்படங்களிலும் இதே கோளாறு நேர்வதுண்டு என்று அவர் பெருந்தன்மையுடன் சொன்னார். திருப்பாத படத்தைப் புதிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு அவரிடம் கொடுத்துவிட்டோம். அச்சுச் செலவு கழகக் கணக்கில் ஏறவில்லை என்பதைப் பொருளாளர் உறுதிப்படுத்துவார்.

இதன் தொடர்பாகச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறது. ஆள் உருவம் உள்ள எந்தப் படத்தையும் இடவலமாகத் திருப்பக்கூடாது. எந்தச் சமூகத்தின் உடையாயினும், அச்சுக்குப் போகும் முன் படத்தை அணிந்தவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். இரண்டாவதால் கண்காட்சி ஏற்பாடுகள் ஒரு வாரமாவது தாமதமாகும் என்று துணைச் செயலாளர் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். அது குறிப்பில் பதிவு செய்யப்பட்டுள்ளது.

தவறாக அச்சான படம் இன்னும் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பயிலரங்கில் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது சிலர் கருத்து. உயிரோடிருப்பவரின் படத்தை அந்தக் கோலத்தில் வைத்திருக்கக்கூடாது என்பது வேறு சிலர் கருத்து. மாணவியிடம் கேட்டதற்கு, கழகத்தின் விருப்பம் என்று சொல்லிவிட்டார். உறுப்பினர்கள் இக்கூட்டத்திலேயே இதை முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்