உணவு நிறமூட்டிப் பெட்டி தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

நான் கொக்குவிலில் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் கையால் அளைந்து விளையாடுவதற்கு அரிசி, மக்கரோனி எல்லாவற்றுக்கும் நாங்களே நிறம் ஏற்றி வைப்பது வழக்கம். அதற்காகத்தான் யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் உங்கள் நிறமூட்டிப் பெட்டியை வாங்கினேன். விளையாட்டு அரிசிக்கு உகந்தது, கையில் ஒட்டாது என்று பெட்டியிலே போட்டிருக்கிறீர்கள்.

சிவப்பும் நீலமும் ஒட்டுகின்றன. ஒரு கோப்பை பச்சையரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினாகிரி, சில துளி சாயம் என்று உங்கள் தாளில் உள்ளபடியே கலந்தோம். பையில் போட்டுக் குலுக்கி, சுளகில் பரப்பி, நல்ல வெயிலில் காயவிட்டோம். அப்படியும் பிள்ளைகளின் உள்ளங்கையும் வாயோரமும் சிவந்துவிட்டன. அதே அரிசியில், அதே வினாகிரியில் வேறு சாயம் போட்டேன், கையில் வரவேயில்லை. ஆகவே பிழை உங்கள் போத்தலில்தான்.

சரி, கறை கழுவினால் போகும். எனக்குப் பெரிய கவலை வேறு. சின்னப் பிள்ளை கையில் எடுத்ததை வாயில் வைக்கும். அதனால்தான் மற்றச் சாயங்களை விட்டு உணவுச் சாயத்தைத் தேடி வாங்குகிறோம். அந்தச் சாயம் எது என்று உங்கள் போத்தலில் எங்குமே இல்லை. மஞ்சள் நிறத்துக்கு டார்ட்ரசின் சேர்த்திருந்தால் அந்தப் பெயரையோ 102 என்ற அதன் எண்ணையோ போட வேண்டாமா? அது சிலருக்கு ஒவ்வாது, உடம்பில் தடிப்புப் போடும். நாளைக்கு ஒரு தாய் வந்து, "ரீச்சர், பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? எச்சரிக்கை வரிகள்கூட ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. இங்குள்ள அம்மம்மாமாருக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது?

பெட்டிப் படத்தில் தவழும் குழந்தை கடலைக் குவியலுக்குள் இருக்கிறது. கடலை மூச்சுக்குழாயில் அடைத்தால் உயிர் போகும். படத்தைப் பார்த்து வீட்டிலும் அப்படியே செய்வார்கள். தயவுசெய்து அதை உடனே எடுங்கள்.

என் காசைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, நான்கு போத்தல்களிலும் உள்ள சாயங்களின் பெயரையும் எண்ணையும் எழுத்தில் அனுப்புங்கள். இனி வரும் பெட்டிகளில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியும் நிறம் ஏற்றிய அரிசியில் ஒரு பிடியும் இத்துடன் உள்ளன.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இந்தக் கடிதத்தை அனுப்புவேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை,
கொக்குவில், யாழ்ப்பாணம்.