வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிடாதே

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள சேகர்,

முட்டி வலி தேவலையா? ஸ்டுடியோவை ஒருவழியாக மூடிவிட்டேன். வருத்தமெல்லாம் இல்லை, வாடகை மிச்சம்.

சின்னவள் எம்.இ. ப்ராஜெக்ட் செய்கிறாள். படத்துக்குள் ஒளித்துவைத்த சேதியைக் கண்டுபிடிக்கிற வேலை. காசிமேட்டில் நான் எடுத்த படம் ஒன்றை இரண்டு பிரதியாகத் திரையில் போட்டு, "எதுலப்பா சேதி இருக்கு?" என்றாள். முப்பது வருஷம் டச்சப் செய்த கண்ணடா இது! விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் இரண்டிலும் அதே படகு, அதே வலை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை இல்லை இது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 0 முதல் 255 வரை ஆளுக்கொரு எண். 100-ஐ 101 ஆக்கினால் எவனுக்குத் தெரியும்? கணினி அந்த எண்ணை 0, 1 என்ற பிட்டுகளாகத்தான் எழுதும். அதில் கடைசி பிட்டில்தான் சேதி உட்காருகிறது. ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி உள்ள படத்தில் 30 லட்சம் பிட். சின்ன நாவலே அடங்கிவிடும்.

ஆனால் இந்த முறையில் 100 போய் 101 ஆகும், 101 போய் 100 ஆகும். 101 ஒருநாளும் 102 ஆகாது. சாதாரணப் படத்தில் 100 எத்தனை, 101 எத்தனை என்று எண்ணினால் ஏறுக்குமாறாக இருக்கும். சேதியை ரொப்பிய படத்திலோ இரண்டும் கிட்டத்தட்ட சமம். 1999-ல் வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மான் என்ற இரண்டு ஜெர்மன்காரர்கள் இதை வைத்தே பிடித்துக் காட்டினார்கள். நம் தெருவில் சலவைக்குப் போட்ட சட்டைக் காலருக்குள் சேராங்கொட்டை மையில் ஒரு குறி இருக்குமே, ஞாபகம் இருக்கா? நமக்கு அது கறை, துவைத்தவருக்கு வீட்டு விலாசம்.

சேதியைக் கொஞ்சமாகத் தூவினாலோ, ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் மாற்றினாலோ இந்த எண்ணிக்கை ஏமாந்துபோகும். அதற்குத்தான் இப்போது ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். என் பழைய நெகட்டிவ் ஸ்கேன்களைக் கொடுத்தேன், சீண்டவில்லை. ஃபிலிமில் பொரிப்பொரியாக வருமே கிரெய்ன், குறை என்று ஆயுசு முழுக்க அதைத் துடைத்தேன். ஒளிகிறவனுக்கு அதுதான் புதராம்.

உன் கேமராவில் ரா ஃபைலாக எடுத்துவைத்த பறவைப் படங்கள் இருக்கின்றனவே, அவளுக்கு வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கி, எண்களையெல்லாம் கலைத்துவிடும். ஒளித்த சேதியும் அதில் தப்பாது. பென் டிரைவில் போட்டு வை, பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறோம். இந்தத் தடவையாவது வா, வஞ்சிரம் என் பொறுப்பு.

உன்,
பாஸ்கர்